இரண்டு கார்களும் ஓர் ஒழுங்கையும்

அமெரிக்கக் காருக்கு எட்டுச் சிலிண்டர். ஆங்கிலக் காருக்கு ஆறு. அமெரிக்கக் கார் ஒரு கலன் பெற்றோலுக்குப் பன்னிரண்டு மைல் ஓடும் என்றார்கள், ஆங்கிலக் கார் பதினெட்டு மைல் ஓடும் என்றார்கள். இவை விற்க வந்தவர்கள் சொன்ன கணக்கு. நாங்கள் ஓட்டிப் பார்த்தபோது இரண்டும் கொஞ்சம் குறைவாகவே ஓடின. முதலாவது அரக்கு நிறம். யாழ்ப்பாணப் பட்டினத்தில் வழக்குப் பேசும் ஒரு பிரக்கிராசியார் வைத்திருந்தது. அவர் காலமான பின் மக்கள் அதை விற்க நினைத்தார்கள். இரண்டாவது கறுப்பு. மலைநாட்டில் ஒரு தேயிலைத் தோட்டத் துரை பாவித்துவிட்டு, சீமைக்குத் திரும்பும்போது விட்டுப்போனது. கறாஜ்காரர் ஒருவர் அதை றெயிலில் ஏற்றி யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவந்திருந்தார். விலை இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆகவே விலையைப் பற்றி இங்கே எழுதத் தேவையில்லை.

அப்போது நான் பட்டினத்தில் ஒரு பத்திரிகையில் வேலை பார்த்தேன். விபத்து, வழக்கு, மரண அறிவித்தல் ஆகிய மூன்றும் என் பொறுப்பு. கார்களைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அவை எதன்மேல் மோதின என்பதுதான். இந்த இரண்டு கார்களையும் பார்க்க என்னை அழைத்துப் போனவர் என் அக்காவின் கணவர். மலாயா றெயில்வேயில் நெடுங்காலம் இருந்து பென்சனோடு உடுவிலுக்குத் திரும்பியவர். எந்த இயந்திரத்தைக் கண்டாலும் முதலில் அதைச் சுற்றி ஒருமுறை நடப்பார். பிறகு குனிந்து அடியைப் பார்ப்பார். பெயரைக் கடைசியாகத்தான் கேட்பார்.

கார் வாங்கும் ஆசை அவருக்கு முன்பு இருந்ததில்லை. அந்த வருஷம் மாரி தொடங்கியபோது அக்கா கிணற்றடியில் வழுக்கி விழுந்தாள். இடது தொடையெலும்பு முறிந்தது. மிஷன் ஆஸ்பத்திரியில் காலில் பாரம் கட்டி வாரக்கணக்கில் படுக்க வைத்திருந்தார்கள். எலும்பு பொருந்தியதும் அங்கிருந்த வெள்ளைக்கார டாக்டர் அம்மா, அத்தானையும் என்னையும் கூப்பிட்டுத் தமிழிலேயே சொன்னார். வீட்டுக்குக் கொண்டு போகலாம். ஆனால் வாரம் ஒருமுறை கொண்டுவந்து காட்ட வேண்டும். எலும்பு இன்னும் பச்சையாக இருக்கிறது. மாட்டுவண்டில் கூடாது. குலுக்கம் கூடாது. குலுக்கினால் எலும்பு விலகும், விலகினால் கால் குட்டையாகும், பிறகு ஒன்றும் செய்ய முடியாது.

தெருவில் நின்ற வாடகைக் கார்களில் ஏறிப் பார்த்தோம். அவற்றுக்கும் மாட்டுவண்டிலுக்கும் சத்தத்தில் மட்டுமே வித்தியாசம் இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு வீடு எடுத்து அக்காவைக் கொஞ்சக் காலம் வைத்திருக்கலாம் என்று நான் சொன்னேன்.

“வீட்டைப் பூட்டிப்போட்டு நாங்கள் போனால், திரும்பி வரேக்கை வேலி முற்றத்திலை வந்து நிக்கும், மச்சான்,” என்றார் அத்தான்.

இதை விளக்க வேண்டும். அக்காவின் வீடு எங்கள் தாய்வழிக் காணியில் அவளுக்குச் சீதனமாகக் கொடுத்தது. பெருந்தெருவிலிருந்து வீட்டின் வாசற்கதவான படலைக்கு ஓர் ஒழுங்கை போகிறது. இரண்டு பக்கமும் வேலி, நடுவில் மணல், அவ்வளவுதான் ஒழுங்கை. ஒரு பக்கத்து வேலி அத்தானுடையது. மறுபக்கத்து வேலி எங்கள் சித்தப்பாவின் மகனுடையது. அக்காவுக்கும் எனக்கும் அவன் தம்பி முறை, சின்ன வயதில் அக்காவின் இடுப்பில் வளர்ந்தவன். வேலியென்றால் பூவரசும் கிளுவையும் வெட்டி நட்ட கதியால்கள். அவை வேர்விட்டுத் துளிர்த்து மரமாகிவிடும், நடுவில் பனையோலை அடைப்பார்கள். ஒவ்வொரு வருஷமும் பட்டுப்போன கதியாலைப் பிடுங்கிப் புதிது நடும்போது அது பழைய குழியில்தான் நின்றதா, ஓர் அங்குலம் ஒழுங்கைப் பக்கம் வந்துவிட்டதா என்பதில் அத்தானுக்கும் அவனுக்கும் பேச்சு வளர்ந்தது. பேச்சு வழக்காகிக் கோட்டுக்குப் போயிருந்தது. அக்கா விழுந்தபோது அந்த வழக்கு தவணைமேல் தவணையாக நடந்துகொண்டிருந்தது.

கார்களுக்கு வருகிறேன். கறுப்புக் காரின் உள்ளே பட்டுத் திரைகள் இருந்தன. இழுத்தால் மூடும், குஞ்சத்தைத் தட்டினால் சுருண்டு மேலே போகும். மரப்பலகையில் முகம் பார்க்கலாம். கியர் நான்கு. பிறேக் கம்பியில் இழுக்கும் வகை. அரக்குக் காரில் திரை இல்லை, ஆனால் பின்னாசனத்துக்கு முன் கால் வைக்கத் துணி சுற்றிய சட்டம் இருந்தது. கியர் மூன்றுதான். பிறேக் எண்ணெயால் பிடிப்பது, மிதித்தால் கார் முகங்குப்புற விழாமல் பணிந்து நிற்கும். அத்தான் இரண்டின் அடியிலும் படுத்துப் பார்த்தார். அரக்குக் காரில் குலுக்கத்தைத் தாங்கும் வில்லுத்தகடுகள் நீளமாகவும் மெல்லியனவாகவும் இருந்தன. கறுப்புக் காரின் வில்லில் துரை ஒரு தகடு கூடுதலாகப் போட்டிருந்தார். மலைப்பாதையில் பாரம் ஏற்றுவதற்கு அது வேண்டியிருந்திருக்கும்.

“படுத்துப் பார்த்தது காணாது,” என்றார் அத்தான் வேட்டியைத் தட்டிக்கொண்டு. “தண்ணி வைச்சுப் பாப்பம்.”

மலாயாவில் புதிதாகப் போட்ட தண்டவாளத்தைச் சோதிக்கும்போது துரைமார் பெட்டிக்குள் மேசையில் ஒரு கிளாசில் தண்ணீர் வைப்பார்களாம். நாங்கள் பித்தளைச் செம்பு வைத்தோம். ஆஸ்பத்திரி வாசலில் விளிம்புவரை நிரப்பி, பின்னாசனத்தில் வைக்கோல் வளையத்தின்மேல் வைத்து, தொடாமல் பக்கத்தில் இருப்பது என் வேலை. இரண்டு கார்களுக்கும் ஒரே சாரதியை அமர்த்தியிருந்தோம். ஒரே பாதை, ஒரே வேகம். சாரதி திரும்பிச் செம்பைப் பார்த்தான்.

“என்னய்யா, காருக்கு அபிஷேகமோ?”

“நீ முன்னுக்குப் பாத்து ஓட்டு. ஐயருக்கு உன்னைக் காட்டிலும் தெரியும்,” என்றார் அத்தான் என்னைக் காட்டி.

கறுப்புக் காரில் ஒழுங்கை வாசலுக்கு வந்து சேர்ந்தபோது செம்பில் பாதி இருந்தது. மீதி என் வேட்டியிலும் துரையின் தோல் ஆசனத்திலும். அரக்குக் காரில் வந்தபோது தண்ணீர் செம்பின் கழுத்துக்கு இறங்கியிருந்தது, அதற்குக் கீழே போகவில்லை. தார் முடிந்து கல்றோட்டுத் தொடங்கும் இடத்தில் கறுப்புக் கார் ஒருமுறை தூக்கிப் போட்டது. அதே இடத்தில் அரக்குக் கார் ஒரு படகு அலையில் ஏறி இறங்குவதுபோல ஏறி இறங்கியது. அத்தான் செம்பைக் கையில் எடுத்து நெடுநேரம் பார்த்தார். அவர் முகத்தில் அவ்வளவு நிம்மதியை அதற்கு முன் நான் கண்டதில்லை.

“இதுதான், மச்சான். இனிப் பேச்சில்லை. படலைக்கு விடு தம்பி,” என்றார் சாரதியிடம்.

சாரதி விடவில்லை. காரின் மூக்கை ஒழுங்கைக்குள் வைத்ததும் இரண்டு பக்கமும் ஓலை கீறும் சத்தம் கேட்டது. அவன் காரை நிறுத்திவிட்டு இறங்கினான். நாங்களும் இறங்கினோம். சில்லுகளுக்கு மேலிருந்த அகன்ற மட்கார்டுகள் இருபுறமும் வேலிக்குள் செருகி நின்றன. அத்தான் குடைக்கம்பால் ஒழுங்கையை அளந்தார், காரை அளந்தார், மீண்டும் ஒழுங்கையை அளந்தார். ஒரு சாண் குறைவு. சிலிண்டர், கியர், வில், பிறேக் எல்லாவற்றையும் பார்த்த நாங்கள் அகலத்தைப் பார்க்கவில்லை.

சத்தம் கேட்டு மறுபக்கத்து வேலிக்கு மேல் சித்தப்பாவின் மகனின் தலை தெரிந்தது.

“என்ன அத்தான், கார் பெரிசோ, ஒழுங்கை சிறிசோ?”

“ஒழுங்கை சிறிசில்லை. சில ஆக்களின்ரை வேலி நடந்து வந்திட்டுது.”

“எங்கடை வேலிக்குக் கால் இல்லை அத்தான். உங்கடை கதியால்தான் மலாயாவுக்கெல்லாம் போய் நடந்து பழகினது.”

சாரதி சிரித்துவிட்டான். அத்தான் காரில் ஏறினார். கார் பின்னால் போய்ப் பெருந்தெருவுக்கு வந்தது.

அன்று மாலை நான் இருவரிடமும் போனேன். ஒரு சாண்தான் வேண்டும், ஆளுக்கு அரைச்சாண் பின்னுக்கு எடுத்தால் போதும், அக்காவின் காலுக்காக என்று சொன்னேன். அத்தான் சொன்னது இது: “நான் ஒரு கதியாலைப் பிடுங்கினால், நாளைக்கு அவன்ரை பிரக்கிராசி எழும்பி, ‘பாருங்கோ, பிழையெண்டு தானே ஒப்புக்கொண்டு பிடுங்கினவர்’ எண்டு சொல்லுவான். வழக்குப் போச்சு.” சித்தப்பாவின் மகன் சொன்னதையும் நான் எழுதலாம். தேவையில்லை. அச்சுக்கோப்பவர் அத்தான் சொன்னதற்குக் கோத்த எழுத்துகளையே மறுபடி பாவிக்கலாம், ஓர் எழுத்தும் மாற்ற வேண்டியதில்லை.

வேலியை எடுப்பது வழக்கைப் பாதிக்காது என்று இருவரும் கையெழுத்து வைத்தால் என்ன என்று கேட்டேன்.

“கடதாசியை நம்பித்தானே மச்சான் கோட்டுக்குப் போனது?” என்றார் அத்தான்.

அக்காவைப் பெருந்தெருவரை காரில் கொண்டுவந்து, ஒழுங்கைக்குள் கதிரையில் வைத்துத் தூக்கிப் போகலாம் என்ற யோசனை பிறகு வந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி அக்கா அதைக் கேட்டாள்.

“சாமி தூக்கிற மாதிரியோ, சவம் தூக்கிற மாதிரியோ? ரெண்டும் எனக்கு வேண்டாம்.”

தூக்கிப் போகும்போது கதிரை ஆடும், ஆள் கால் தடக்கினால் கார்க் குலுக்கத்தைவிட மோசம் என்று டாக்டர் அம்மாவும் சொன்னார். அத்தான் அதைப் பிடித்துக்கொண்டார். அடுத்த நாள் கறுப்புக் காரை ஒழுங்கைக்குள் விட்டுப் பார்த்தார்கள். பக்கத்துக்கு இரண்டு விரல் இடம் விட்டு அது படலைவரை போயிற்று. கறுப்புக் காரை வாங்கினார்.

அவர் அக்காவின் நோவைப் பொருட்படுத்தாமல் அதை வாங்கினார் என்று நான் எழுதினால் அது பொய். பின்னாசனத்தில் இலவம்பஞ்சு மெத்தை தைத்துப் போட்டார். ரயர்களில் காற்றைக் குறைத்தார். கறாஜில் அரை நாள் நின்று அந்தக் கூடுதல் வில்லுத்தகட்டைக் கழற்றுவித்தார். கழற்றியதும் காரின் பின்பக்கம் தாழ்ந்து ஒழுங்கையின் நடு மணலில் இடித்தது. ஆகவே மீண்டும் பூட்டவேண்டி வந்தது. சாரதியாக அந்த ஆளையே வைத்துக்கொண்டார். கல்றோட்டில் நடையிலும் மெதுவாக ஓட்டச் சொன்னார். சைக்கிள்காரர்கள் எங்களை முந்திப் போனார்கள். ஒருவர் திரும்பிப் பார்த்து, “என்ன, உள்ளுக்கை முட்டையோ?” என்று கேட்டதும் நினைவிருக்கிறது. கதியாலைத் தொடுவது ஒன்றைத் தவிர, ஒரு மனிதன் செய்யக்கூடிய எல்லாவற்றையும் அவர் செய்தார்.

விடுமுறை நாட்களில் நானும் கூடப் போவேன். அக்கா மெத்தையில் சாய்ந்து, ஒரு கையால் பட்டுத் திரையின் குஞ்சத்தைப் பிடித்திருப்பாள். தார் முடியும் இடம் வருமுன் அவள் கண்ணை மூடிக்கொள்வாள். அந்த இடத்தைக் கடந்ததும் திறப்பாள். முனகியதில்லை. ஆஸ்பத்திரி வாசலில் யாராவது காரைப் பாராட்டினால், “ஓம், நல்ல கார்,” என்பாள்.

ஒருநாள் திரும்பி வரும்போது, அத்தான் முன்னால் சாரதிக்குப் பக்கத்தில் இருந்தார், எங்களுக்கும் அவர்களுக்கும் நடுவில் கண்ணாடி. அக்கா தாழ்ந்த குரலில் என்னைக் கேட்டாள்.

“தண்ணி வைச்சுப் பாத்தனீங்களாம். மற்றக் காரிலை எவ்வளவு சிந்தினது?”

செம்பின் கழுத்துவரைதான் இறங்கியது என்றேன்.

“இதிலை?”

“பாதி.”

அவள் கண்ணாடிக்கு அப்பால் அத்தானின் பிடரியைப் பார்த்தாள். “அப்ப அவருக்குத் தெரிஞ்சுதான்,” என்றாள்.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் புறப்படும்போது, ஒழுங்கையின் நடுவில், சித்தப்பாவின் மகனின் கிணற்றடிக்கு நேரே வந்ததும், காரை நிறுத்தச் சொன்னாள். கதவைத் திறக்க இடமில்லை. சன்னலை இறக்கிக் கூப்பிட்டாள். வேலியின் தலைக்கு மேல் அவன் முகம் வந்தது. கையில் மண்வெட்டி இருந்தது.

“எடே தம்பி, உந்த வேலியைக் கொஞ்சம் உள்ளுக்கு எடன். மற்றக் காரைப் பிடிக்கலாம். எனக்கு ஏலாமல் கிடக்கு.”

அவன் அக்காவைப் பார்த்தான். பிறகு முன்னால் இருந்த அத்தானைப் பார்த்தான். அத்தான் நேரே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அக்கா, உங்களுக்கு என்ரை தலை வேணுமெண்டாலும் தருவன். வேலி என்ரை கையிலை இல்லை, கோட்டிலை கிடக்கு.”

“உன்ரை தலையை வைச்சு நான் என்ன செய்யிறது? அது ஒழுங்கையை அடைக்கேல்லையே.”

அவன் தலை குனிந்தது. குனிந்ததும் ஓலைக்குப் பின்னால் மறைந்துவிட்டது. அக்கா சன்னலை ஏற்றினாள். அன்று பின்னேரம் கறுத்தக்கொழும்பான் மாம்பழம் நிறைந்த ஒரு பனையோலைக் கடகம் அந்த வேலிக்கு மேலால் எங்கள் பக்கம் வந்தது. அத்தான் அதைத் திருப்பி அனுப்பவில்லை. அக்கா ஒரு பழத்தைக்கூடத் தொடவில்லை.

சில வாரங்களுக்குப் பிறகு டாக்டர் அம்மா அக்காவை நிற்க வைத்துப் பார்த்தார். இடது குதிக்கால் தரையில் படவில்லை. எலும்பு விலகித்தான் ஒட்டியிருக்கிறது என்றார். எப்போது விலகியது என்று அத்தான் கேட்டார். அதை யாரும் சொல்ல முடியாது என்றார் அவர். கறுப்புக் காரின் வில்தான் காரணம் என்று அவர் சொல்லவில்லை. ஆகவே நானும் இங்கே அப்படி எழுதவில்லை. இரண்டு கார்களிலும் எவ்வளவு தண்ணீர் சிந்தியது என்பதை எழுதியிருக்கிறேன், அது நான் கண்டது. அக்காவுக்கு ஒரு தடியும், ஒரு பக்கம் உயர்த்திய செருப்பும் கொடுத்து அனுப்பினார்கள். இனி வாராவாரம் வரத் தேவையில்லை என்றார்கள்.

வழக்கு முடிவதற்குள் ஐரோப்பாவில் சண்டை தொடங்கிவிட்டது. பெற்றோலுக்குப் பங்கீட்டுக் கூப்பன் வந்தது. கறுப்புக் காரை அத்தான் கொட்டிலுக்குள் கட்டைமேல் ஏற்றி வைத்தார். அதன் பிறகுதான் நீதிமன்றம் காணி அளக்க ஒரு சேர்வேயரை அனுப்பியது. அவர் சங்கிலி பிடித்து அளந்தார். பழைய காணிப் படத்தில் ஒழுங்கை இருந்த அகலத்துக்கும் இப்போதைய அகலத்துக்கும் நல்ல வித்தியாசம் இருந்தது. இரண்டு வேலிகளும் உள்ளே வந்திருந்தன. தீர்ப்பு இருவருக்கும் எதிராக வந்தது. இருவரும் தம் தம் வேலியைப் பிடுங்கிப் பின்னுக்கு நட வேண்டும். வேர்விட்டு மரமான பழைய பூவரசுகளைக் கோடரியால் வெட்டினார்கள். புதுக் கதியால் நட்டார்கள். இரண்டு பக்கத்து வேலைக்காரரும் ஒரே மரநிழலில் இருந்து ஒரே குடத்துத் தண்ணீர் குடித்ததைப் பார்த்தேன்.

புது வேலி அடைத்து முடிந்த கிழமை அத்தான் எனக்கு ஆள் அனுப்பியிருந்தார். நான் போனபோது வீட்டுப் படலைக்கு முன்னால் அரக்குக் கார் நின்றது. பட்டினத்தில் ஒருவர் அதை வாங்கி வாடகைக்கு விட்டிருந்தார். மட்கார்டில் ஒரு நசுங்கல், பின்னாசனத்துத் தோலில் ஒரு தையல். மற்றபடி அதே கார். சேர்த்து வைத்த கூப்பன்களைக் கொடுத்து அதை அரை நாளுக்குப் பிடித்திருந்தார் அத்தான். வெள்ளைச் சால்வை போட்டு, குளித்து, திருநீறு பூசி, கார்க் கதவைத் திறந்தபடி நின்றார். இப்போது கதவை முழுதாகத் திறக்க இடமிருந்தது.

அக்கா தடியை ஊன்றி வெளியே வந்தாள். ஒரு காலுக்கும் மறுகாலுக்கும் நடுவில் அவள் உடம்பு ஒருமுறை தாழ்ந்து எழுந்தது.

“இஞ்சாரும், ஏறும். ஒருக்காப் போட்டு வருவம்,” என்றார் அத்தான்.

“எங்கை?”

அவர் அதை யோசித்திருக்கவில்லை என்று தெரிந்தது. “கீரிமலைக்கு… இல்லாட்டி நல்லூருக்கு. உமக்கு விருப்பமான இடத்துக்கு.”

அக்கா கிட்டப் போனாள். ஏறவில்லை. குனிந்து, தடி இல்லாத கையை உள்ளே நீட்டி, ஆசனத்தை உள்ளங்கையால் அமத்தினாள். விட்டாள். மீண்டும் அமத்தினாள். வில் மெல்லத் தாழ்ந்து மெல்ல எழுந்தது.

“ஓம்,” என்றாள். “மெத்தெண்டுதான் கிடக்கு.”

நிமிர்ந்து திரும்பும்போது நிலை தவறி, பக்கத்தில் இருந்த புதுக் கதியாலைப் பிடிக்கக் கையை நீட்டினாள். மறுபக்கத்து வேலிக்கருகில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த சித்தப்பாவின் மகன் பதறிக் கத்தினான்.

“அக்கா, உதைப் பிடியாதேங்கோ! இன்னும் வேர்விடேல்லை!”

அவள் கையை எடுத்துவிட்டாள். அத்தான் ஓடி வந்து தோளைக் கொடுத்தார். அவள் தடியை இரண்டு கையாலும் பிடித்து, தானாகவே நிலைக்கு வந்து, படலைக்குள் போனாள்.

வாடகைக் காரின் சாரதி தலையை வெளியே நீட்டி, “ஐயா, என்ன செய்யிறது?” என்று கேட்டான். அத்தான் கார்க் கதவைச் சாத்தினார். “போ,” என்றார். ஒழுங்கைக்குள் வர இப்போது இடம் இருந்ததே தவிர, அவ்வளவு நீளமான கார் திரும்ப இடம் இருக்கவில்லை. சாரதி கழுத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு பெருந்தெருவரை பின்பக்கமாகவே ஓட்ட வேண்டியிருந்தது. கார் அசையத் தொடங்கியதும் அத்தான் ஒரு பக்கமும் சித்தப்பாவின் மகன் மறுபக்கமும் இரண்டடி முன்னால் வந்தார்கள்.

“கதியால் கவனம்!” என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.